பட்டியலில் ஹன்னாவுக்கு ஒரு வரி

ஜோயல்,

ஹன்னாவுக்கு ஓர் இடம் இருக்கிறது. திருப்பதி மைதானத்தில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் சிறுபிள்ளைகள் விளையாட்டுக் குழுவில் இன்னும் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியும். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய, இரண்டு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கான குழு அது. நேற்றுக் காலை பத்தேகால் மணிக்கு இதைத் தொலைபேசியில் என்னிடம் சொன்னவர் குழுவை நடத்தும் விளையாட்டு ஆசிரியை வனஜா. மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிள்ளையின் பெயரை நான் சொல்லவில்லை. வயதை மட்டும் சொன்னேன், மூன்று வயது இரண்டு மாதம். சேர்க்கைத் தாளில் தாய், தந்தை இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார். தாத்தா போட்டால் போதாதா என்று கேட்டதற்கு, "தாத்தாலு எல்லாம் போட்டுருவாங்க சார். அப்புறம் அப்பா வந்து சண்டை போடுவாரு. அது நமக்கு வேணாம்" என்று சிரித்தார்.

நீ வரும் புதன்கிழமை அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறாய். தங்கள் விசா வரும்வரை இருக்க, மருமகள் ஷீபாவும் பேத்தி ஹன்னாவும் பெங்களூரு வீட்டைக் காலி செய்துவிட்டு வியாழக்கிழமை சித்தூருக்கு நம் வீட்டுக்கு வருகிறார்கள். ஐந்து மாதமாகலாம், எட்டு மாதமும் ஆகலாம் என்று நீயே சொன்னாய். இந்த மாதங்களில் நாங்கள் ஹன்னாவை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாய். உன் அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். வீட்டில் ஆங்கிலம் மட்டும். தமிழ் வேண்டாம், தெலுங்கு வேண்டவே வேண்டாம். தெருப் பிள்ளைகளோடு விட வேண்டாம். அவர்கள் ஒரு பாஷை, நாம் ஒரு பாஷை, குழந்தை குழம்பிப்போகும். கடைசி வரியில், உன் தங்கை கிருபா போகும் இடத்துக்கு ஹன்னாவை அழைத்துப் போக வேண்டாம் என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டிருக்கிறாய்.

அந்தத் தாளோடு பெங்களூரு மருத்துவரின் அறிக்கையின் நகலையும் அனுப்பியிருந்தாய். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் படித்தேன். முப்பத்தைந்து வருடப் பத்திரிகை வேலையில் எந்தச் செய்தியானாலும் அப்படிச் செய்துதான் எனக்குப் பழக்கம். பேச்சு மட்டுமல்ல, நடை, கை வேலை, புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் தாமதம் இருக்கிறது. காத்திராமல் இப்போதே பயிற்சியும் விளையாட்டும் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மொழி கலப்பதைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. அது உன் தாளில் மட்டும்தான் இருக்கிறது. யார் சொன்னது என்று தொலைபேசியில் கேட்டேன். "எல்லாரும்தான் சொல்றாங்க நைனா" என்றாய். எல்லாரும் சொல்கிறார்கள் என்று ஒரு நிருபர் எழுதிக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் உன்னைத் திருப்பி அனுப்ப எனக்குத் தகுதி இல்லை. அதே தவற்றை, அதே காரணம் சொல்லி, நம் வீட்டில் நான் செய்திருக்கிறேன். நீ அப்போது பக்கத்தில் நின்றாய்.

இதைப் பத்திரிகையில் எல்லோரும் படிக்கும்படி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பாய். சனிக்கிழமை திருப்பதிப் பேருந்தில் என்னோடும் கிருபாவோடும் வருகிற தாய் தகப்பன்மார் பாதிப்பேர் இதே காரணத்துக்காக இரண்டு வருடம், மூன்று வருடம் காத்திருந்துவிட்டு வந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கும் நம் பக்கத்து ஊர்களில், பேசாத பிள்ளையைப் பார்த்தால் முதலில் சொல்லப்படும் காரணம் அதுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்ற எதையும் மாற்றவில்லை. முதல் பிரதி உனக்கு வருகிறது. நீ வேண்டாம் என்றால் இது அச்சுக்குப் போகாது.

கிருபாவுக்கு நான்கு வயது முடிந்த சமயம். உனக்கு ஒன்பது. சித்தூரில் தேவாலய வளாகத்துக்குப் பின்னால் இருந்த வாடகை வீடு. வீட்டிலும் ஆராதனையிலும் நமக்குத் தமிழ். தெருவில் நம் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் தெலுங்கு வீடுகள். ஊரில் புதிதாக ஆங்கிலப் பள்ளிகள் திறந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டர் கற்றுத்தருகிறோம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். நம் சபையில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவன் அங்கிருந்து வெளிநாடும் போய்விட்டான். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதென்றால் எந்தப் பள்ளி, எந்த மொழி என்பதுதான் பேச்சு. கிருபாவை அப்படி ஒரு பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனேன். அவள் அப்போது பேசவில்லை. மூன்று வயதுவரை சரியாக நடக்கவும் இல்லை. நடப்பதற்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பள்ளியில் இருந்தவர் அவளிடம் தெலுங்கில் இரண்டு கேள்வி, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். பிறகு என்னிடம், "ரெண்டு பாஷை போட்டுக் குழப்பிட்டீங்க. ஒண்ணை நிறுத்துங்க, தானா பேசும்" என்றார். அவர் மருத்துவர் அல்ல. எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஸ்கூட்டரில் திரும்பி வந்தேன். தெருவில் ஓடிப்பிடிக்கிற ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மின்கம்பத்தைத் தொட்டுவிட்டால் பிடிக்கக் கூடாது என்பது விதி. கிருபா மின்கம்பத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். "அரட்டிப்பண்டு! அரட்டிப்பண்டு!" என்று கத்திக்கொண்டு ஒரு பையன் அவளை நோக்கி ஓடி வந்தான். தெலுங்குப் பிள்ளைகள் ஆட்டத்தில் வாழைப்பழம் என்று யாரைச் சொல்வார்கள் என்பது உனக்குத் தெரியும். நாம் ஒப்புக்குச் சப்பாணி என்போம். சின்னப் பிள்ளை, ஆடத் தெரியாத பிள்ளை, கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்ட தம்பி தங்கை யாராவது இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பெயரை என் மகளைப் பார்த்துக் கத்தியது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

எதிர்வீட்டு சுஜாதா, உன் வகுப்புக்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "அங்கிள், அவ அவுட்டே ஆக மாட்டா. அவ கைய தொட்டா நாங்களும் அவுட் இல்ல. கம்பம் தொட வேணாம், கிருபா கை தொட்டா சாலு, போதும்" என்றாள். சொல்வது எனக்குப் புரிந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ ஓடி வந்தாய். "நைனா, அவளுக்கு ஆட்டம் தெரியும் நைனா. 'ரா'ன்னு கத்துனா கைய நீட்றா. நெஜமா நைனா, நான் பாத்துக்கினேதான் கீறேன்." இதைச் சொல்லும்போது உனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். "தங்கச்சிய பேர் வச்சுக் கூப்புடறானுங்க, பாத்துக்கினு நிக்கிற?" என்று சொல்லி உன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். கிருபாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக்கொண்டே வந்தாள். கேட்டது போதும் என்று அன்று முடிவு செய்தேன்: இனி தெரு கிடையாது, தெலுங்கு கிடையாது, பேச்சு வரும்வரை வீட்டில் தமிழ் மட்டும்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்ட சாட்சி நீ. பேசாத ஒரு பிள்ளை, நாங்கள் வீட்டில் பேசாத ஒரு மொழியில் 'வா' என்கிற ஒரு சொல்லைக் கேட்டு, அதற்குச் சரியான நேரத்தில் கையை நீட்டுகிறது. இதைவிட நல்ல தகவலை அந்த வருடம் முழுவதும் எந்த மருத்துவரும் எனக்குத் தந்திருக்க முடியாது. அதைக் கொண்டு வந்த ஒன்பது வயதுப் பிள்ளையை அடித்தேன். நீ அதற்குப் பிறகு அவளைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்ல வந்ததில்லை. நான் கேட்கவும் இல்லை.

உன் அம்மா நான் போட்ட விதியை மீறினாள் என்பது எனக்குப் பதினான்கு வருடம் கழித்துத்தான் தெரியும். நான் செய்திக்காகத் திருப்பதிக்கோ குப்பத்துக்கோ போகிற நாட்களில், பால் காய்ச்சி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விட்டுவிடுவாளாம். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சுஜாதாவே கிருபாவைக் கையைப் பிடித்து உள்ளே கொண்டு வந்து விடுவாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இன்னா பெரிய ரிப்போர்ட்டரு நீங்க. ஊர்ல நடக்கறதெல்லாம் தெரியுது, ஊட்ல நடக்கறது தெரியல. சொன்னா மட்டும் இன்னா, எழுதிக்கினா இருப்பீங்க?" என்றாள். வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள் அவளுக்குக் கிடைத்தது அப்படித்தான். மற்ற நாட்கள் நான் எடுத்துக்கொண்டவை.

தமிழ் மட்டும் பேசிய அந்த இரண்டு வருடத்தில் தமிழ் வரவில்லை. ஆறு வயது தாண்டி ஒரு காலையில், வாசலில் நின்ற பால்காரரைப் பார்த்துக் கிருபா தெளிவாக ஒரு சொல் சொன்னாள். "ரா." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். பால்காரர் எதுவும் தெரியாமல், "வஸ்துன்னா தல்லி, வஸ்துன்னா" என்று, வருகிறேன் தாயே என்கிற பதிலைச் சொல்லிக்கொண்டே பாலை ஊற்றினார். உன் அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். தெருவுக்கு இனி விடலாம் என்று அன்று சொன்னேன். ஆனால் தெருவில் அப்போது யாரும் இல்லை. சுஜாதாவின் அப்பாவுக்கு மதனப்பள்ளிக்கு மாற்றலாகியிருந்தது. மற்ற பிள்ளைகள் பள்ளி விட்டதும் ட்யூஷனுக்குப் போனார்கள். ட்யூஷன் இல்லாத பிள்ளைகள் புதிதாக வந்த கேபிள் டிவியின் முன்னால் இருந்தார்கள். நீயும் ட்யூஷனில்தான் இருந்தாய். கிருபா மின்கம்பத்தடியில் போய் நின்றாள். ஒரு வாரம் போல நின்றாள் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகான பத்து வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவள் வீட்டில் இருந்தாள், பேச்சு மெதுவாக வந்தது. நீ படித்தாய், நன்றாகப் படித்தாய். அலுவலகத்தில் யாராவது பிள்ளைகள் பற்றிக் கேட்டால், "மகன் இன்ஜினியரிங் படிக்கிறான்" என்பேன். அது உண்மை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பொய் சொல்லாமலேயே ஒரு ஆளை விட்டுவிட முடியும் என்பது என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வனஜா எனக்கு அறிமுகமானது ஒரு சண்டையில். கிருபாவுக்குப் பதினாறு வயதிருக்கும். திருப்பதியில் இந்தப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. நான் போய்ச் செய்தி எழுதினேன். காண்போர் கண்கள் குளமாயின என்று முதல் வரி. மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. "பேப்பர் சூசானு சார், படிச்சேன். நான் வனஜா, கிரவுண்ட்ல கோச். நல்லா எழுதிக் கீறீங்க, எனக்கே அழுகை வந்துச்சு" என்றார். நன்றி என்றேன். "நன்றி இருக்கட்டும் சார். அம்பது மீட்டர்ல ஃபர்ஸ்ட் யாரு?" என் குறிப்பேட்டில் அது இல்லை. "டைம் எவ்வளவு?" அதுவும் இல்லை. "போன வாரம் காலேஜ் மீட்டுக்கு பேரு, ஊரு, டைம் மூணும் போட்டீங்க. எங்க பிள்ளைங்களுக்குக் கண்ணீர் மட்டும்தானா? நாலு மாசம் ஓடிப் பழகி கீதுங்க சார். அழறதுக்கு இல்ல." பேனாவை எடுத்து, சொல்லுங்கள் என்றேன். முதல் மூன்று இடங்களின் பெயர், ஊர், நேரம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். மறுநாள் திருத்தம் என்று ஆறு வரி போட்டோம். என் தொழிலில் நான் எழுதியவற்றில் சரியாக வந்தவை என்று சொன்னால் அந்த ஆறு வரிகளைச் சொல்வேன்.

அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு சார்?" "ரெண்டு" என்றேன். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவர்.

வனஜாவிடம் கிருபாவை அழைத்துப் போன முதல் சனிக்கிழமை, இரண்டு வயதில் கூட்டி வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். அவர் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "அத இப்போ கேட்டு இன்னா சார் பண்ணப் போறீங்க? அடுத்த சனிக்கிழமையும் இட்டுக்கினு வாங்க" என்றார். இட்டுக்கொண்டு போனேன். பந்து எறியவும் பிடிக்கவும் அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓட்டம் வரவே இல்லை. சில வருடம் கழித்து வனஜா சிறுபிள்ளைகளுக்குத் தனிக் குழு தொடங்கியபோது, கிருபா தானாகவே போய் அந்தப் பக்கம் நின்றாள். அவள் நின்ற இடத்திலேயே ஒரு வேலையை வனஜா அவளுக்குக் கொடுத்தார்.

சிறுபிள்ளைகள் குழு நடக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று நீ கேட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ கோடு போட்ட இடம் அது. சுண்ணாம்பால் தரையில் ஒரு கோடு. அதன்மேல் பிள்ளைகள் நடக்க வேண்டும். ஒரு கயிறு கணுக்கால் உயரத்தில். அதைத் தாண்ட வேண்டும். புளியங்கொட்டை போட்டுத் தைத்த சின்னப் பைகள். அவற்றை வளையத்துக்குள் எறிய வேண்டும். ஒரு பழைய புடவையைச் சுற்றிலும் எல்லோரும் பிடித்துக்கொண்டு அதன்மேல் பந்தைக் குதிக்க வைப்பார்கள். தாய் தகப்பன்மார் உட்கார்ந்து பார்க்கக் கூடாது, கூடவே செய்ய வேண்டும். நானும் இந்த வயதில் கயிறு தாண்டுகிறேன். அவ்வளவுதான். அற்புதம் எதுவும் நடப்பதில்லை. நகரியிலிருந்து யஷ்வந்த் என்று நான்கு வயதுப் பையன் வருகிறான். ஏழு மாதம் வந்திருக்கிறான். பேச்சு வரவில்லை. இப்போது பேருந்துப் படியில் தானாக ஏறுகிறான். அவன் அம்மா அவனைத் தூக்குவதில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதினால் வனஜா மறுபடி தொலைபேசி செய்வார்.

ஆரம்பிக்கும்போது பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையிடம் பந்தை உருட்டிவிட வேண்டும். பிள்ளை பந்தைத் தொட்டால் வந்தாச்சு என்று கணக்கு. குரல் கொடுக்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். சில பிள்ளைகள் உடனே தொடும். சிலருக்கு ஒரு நிமிடம் ஆகும். யாரும் அவசரப்படுத்தக் கூடாது. தமிழ் வீட்டுப் பிள்ளை, தெலுங்கு வீட்டுப் பிள்ளை, உருது வீட்டுப் பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். பெயருக்கு மொழி இல்லாததால் அதில் சிக்கல் வந்ததில்லை. பெயரைக் கூப்பிட்டுப் பந்து உருட்டுகிற வேலை உன் தங்கையுடையது. பட்டியலை அவளால் படிக்க முடியாது. எல்லாப் பெயரும் மனப்பாடம். வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயரையும் விடமாட்டாள். வனஜா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். நின்றுபோன பிள்ளையின் பெயரைக் கூப்பிடுவாள், பந்தை மடியிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பாள், பிறகுதான் அடுத்த பெயர். அதற்காகவே முக்கால் மணி நேரத்தை ஐம்பது நிமிடமாக்கிவிட்டார்கள்.

மொழி விஷயத்தை நான் மறுபடி விசாரித்தேன். போன வெள்ளிக்கிழமை வேலூருக்குப் போய் இந்தப் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிற ஒரு மருத்துவரை நேரில் கேட்டேன். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இந்தத் தாமதம் வருவதில்லை, ஒன்றை நிறுத்துவதால் போவதும் இல்லை. தாய்க்கும் பாட்டிக்கும் எந்த மொழியில் கொஞ்ச வருமோ அதில் பேசச் சொல்லுங்கள் என்றார். உன் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கொஞ்ச வராது. குளிர்சாதனப் பெட்டியில் நீ ஒட்டச் சொன்ன தாளைப் பார்த்துப் பார்த்து, "கம் பேபி, ஈட் பேபி" என்று பழகிக்கொண்டிருக்கிறாள். நேற்று கிருபா அவளைப் பார்த்து, "இன்னாமா, தொண்டைல இன்னா?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "நைனா, கிருபா வேற, ஹன்னா வேற. ஹன்னாவ அங்க கொண்டுபோய் உக்கார வச்சுட்டா, அப்புறம் அவ எப்பவும் அந்த லைன்லதான் உக்காரணும்." நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆட்டத்தில் வாழைப்பழம் என்று உன் மகளை யாரும் கூப்பிடக் கூடாது என்று நினைக்கிறாய். நானும் அதைத்தான் நினைத்தேன். நீ சொன்னதில் முதல் பாதி சரி. கிருபா வேறு, ஹன்னா வேறு. ஹன்னாவுக்கு மூன்று வயது இரண்டு மாதம். அந்த வயதில் கிருபாவுக்கு இப்படி ஓர் இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது; நான் தேடவில்லை. நான்கு வயதில் அவளாகத் தேடிக்கொண்ட ஒரு மின்கம்பம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். ஹன்னாவுக்கு இரண்டும் இருக்க முடியும், நீ வேண்டாம் என்று சொல்லாவிட்டால்.

உன் கன்னத்தில் விட்ட அந்த அறைக்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கையெழுத்துக்காகக் கேட்கவில்லை. நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் இந்த வரி இருக்கும். அன்று நீ சொன்னது சரியான தகவல். நேரில் பார்த்தவன் சொன்னது. இப்போது உன் பக்கத்தில் நேரில் பார்க்கிறவள் ஷீபா. பெங்களூரு அடுக்குமாடியின் கீழே மற்ற பிள்ளைகள் சறுக்கும்போது ஹன்னா கை தட்டுகிறாள், தன் முறை வந்ததும் ஏணியடியில் போய் நிற்கிறாள் என்று அவள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நீ கீழே அனுப்ப வேண்டாம் என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. அவளிடம் கேள். நான் கேட்கத் தவறியதைச் சொல்கிறேன், வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

இனி, பாக்கி இருப்பவை. சேர்க்கைத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நேற்றே ஷீபாவுக்கு நகலாக அனுப்பினேன், போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் கையெழுத்து அதில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உனக்கான இடம் காலியாக இருக்கிறது. நீ விமானம் ஏறுவதற்கு முன் போட்டு ஷீபாவிடம் கொடுத்தாலும் சரி, அங்கே போய் இறங்கியதும் நகலாக அனுப்பினாலும் சரி, வனஜா ஏற்றுக்கொள்வார். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். காத்திருக்கும் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க அவரால் முடியாது, அது நியாயமும்கூட. சனிக்கிழமை காலை ஆறு நாற்பது பேருந்துக்கு நானும் கிருபாவும் எப்படியும் கிளம்புவோம். மைதானத்தில் ஒன்பதரை மணிக்குப் பெயர் கூப்பிடத் தொடங்குவார்கள்.

கிருபாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. யார் பேச்சை எப்போது கேட்டாளோ தெரியாது. நேற்று மாலை முதல் உள் அறையில் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யஷ்வந்துக்குப் பிறகு ஒரு பெயர் கூடியிருக்கிறது. நான் இங்கே ஹன்னா என்று எழுதுகிறேன். அவள் சொல்வது உண்மையான பெயரை. சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். பிறகு அடுத்த பெயர்.

இதை முடிக்கும் இந்த நேரம்வரை உன் கையெழுத்து வந்து சேரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது.

நைனா